அண்டைக் கிணறும் நம் கிணறும் – ஒரு புள்ளியியல் நோக்கு

நிலத்தின்மேல் வரப்பு உண்டு. நிலத்தின்கீழ் வரப்பு இல்லை. ஒரு கிணற்றில் நீர் இறைக்குங்கால் அதனைச் சூழ நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்கிறது. அத்தாழ்வை நோக்கி அண்டை நிலத்தடி நீரும் நகர்கிறது. எனவே, ‘நாம் விட்டுவைக்கும் நீர் அடுத்தவர் கிணற்றுக்குப் போய்விடுமே’ என்னும் அச்சத்தால் உழவர் தேவைக்கு மேல் இறைக்கின்றனரா? புள்ளியியல் இதற்கு விடை காணும் முறையை ஈண்டுக் காண்போம்.

கன்சாஸ் தரும் சான்று

அமெரிக்காவில் எட்டு மாநிலங்களின் அடியில் பரவியுள்ளது ‘உயர் சமவெளி’ நீர்ப்படுகை. அதன் ஒரு பகுதி கன்சாஸ் மாநிலத்தின் மேற்கில் உள்ளது. அங்கு மழை குறைவு. படுகையில் புதிதாக ஊறும் நீரோ மிகக் குறைவு. 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அங்கு நீருரிமைகள் அளவு குறித்து வழங்கப்பட்டு வருகின்றன. இறைத்த அளவை உரிமையாளர் ஆண்டுதோறும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும். கிணற்றின் இருப்பிடமும் இறைப்பளவும் ஒருங்கே கிடைப்பது ஆய்வாளர்க்கு அரிய வாய்ப்பாகும்.

ஒப்புமை வேறு, காரணம் வேறு

அருகருகே உள்ள கிணறுகள் ஒத்த அளவில் இறைத்தால், ஒன்று மற்றொன்றைத் தூண்டியது என்று உடனே முடிவு கட்டலாகாது. ஒரே மண்ணும் ஒரே மழையும் ஒரே பயிரும் அவ்வொப்புமையைத் தரக்கூடும். மோரன் 1950இல் வகுத்த குறியெண் ஒப்புமை உண்டு என்று காட்டும். ஏன் என்று கூறாது. மேலும், அவரைக் கண்டு நாம் இறைக்கிறோமா, நம்மைக் கண்டு அவர் இறைக்கிறாரா என்னும் சிக்கலும் உண்டு.

லிசா ஃபைஃபர், சிந்தியா லின் என்னும் இரு பொருளியலாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இம்முடிச்சை அவிழ்த்தனர். அண்டையாருக்கு முன்பே வழங்கப்பட்ட உரிமை அளவு அவர்தம் இறைப்பைப் பாதிக்கும். நம் இறைப்பை நேரே பாதிக்காது. ஆதலின் அதனைக் கருவி மாறியாகக் கொண்டனர். தொலைவிற்கேற்ப அண்டைக் கிணறுகளுக்கு எடையும் அளித்தனர்.

கண்ட முடிவு

மொத்த இறைப்பில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு அண்டையார் போட்டியால் விளைந்தது என அறிந்தனர். அண்டைக் கிணறும் தமக்கே உரியதாயின், பிறர் கிணற்றைக் கண்டு நடப்பதுபோல் உழவர் நடக்கவில்லை. அச்சம் பிறரைப் பற்றியதே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு சிறிது எனத் தோன்றலாம். ஆயினும் எஞ்சியது இப்போட்டியால் விளைந்ததன்று ஆதலின், போட்டியை நீக்குவதால் மட்டும் படுகை பிழைக்காது. அனைவரும் கூடி எல்லை வகுத்தலும் வேண்டும். கன்சாஸின் ‘ஷெரிடன்-6’ பகுதி உழவர் அதனைச் செய்தனர். 2013 முதல் ஐந்தாண்டுக்கு ஏக்கருக்கு 55 அங்குலம் எனத் தமக்குத்தாமே வரம்பு கட்டினர்; பயன்பாடு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

அளந்ததால் அவர்கள் அறிந்தனர்; அறிந்ததால் கூடிப் பேசினர். கிணற்றைத் தோண்டித் தோண்டி ஆழப்படுத்தும் நாமும் முதற்கண் அளக்கக் கற்போமாக.