கல்லும் கற்பூரமும் – 14: பஞ்சமி வெள்ளிக்கிழமையில் வந்தால்

ஓரிரு பூ, சில அரிசி மணிகள். மத்தியப் பிரதேசத்தின் தார் நகரில், கோயிலா மசூதியா என்று வழக்கிலிருக்கும் போஜசாலைக்குள் செவ்வாய்க்கிழமைகளில் போகும் பக்தர் இவ்வளவுதான் கொண்டுபோகலாம். எந்த ஆகமத்திலும் இந்த விதி கிடையாது. 2003 ஏப்ரல் 7 அன்று இந்தியத் தொல்லியல் துறை போட்ட உத்தரவு இது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இந்து-முஸ்லிம் மோதலில் ஊர் பற்றி எரிந்திருந்தது. அதனால்தான் அரிசி மணி வரைக்கும் அரசாங்கம் அளந்துகொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த உத்தரவின்படி செவ்வாய்க்கிழமை சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை இந்துக்களுக்கு. வெள்ளிக்கிழமை பகல் 1 மணியிலிருந்து 3 மணிவரை முஸ்லிம்களின் தொழுகைக்கு. மற்ற நாட்களில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். இதோடு வசந்த பஞ்சமி நாள் முழுக்க சரஸ்வதி பூஜைக்கு. நமக்கு சரஸ்வதி பூஜை என்றால் நவராத்திரிதான். வடக்கே அது தை அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள், மஞ்சள் உடுத்திக் கொண்டாடும் வசந்த பஞ்சமி.

சிக்கல் இங்கேதான். வெள்ளிக்கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். பஞ்சமியோ சந்திரனைப் பார்த்து நகர்கிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் என்ன செய்வது? 2006, 2013, 2016 என்று அப்படி விழுந்த ஆண்டுகளில் தார் நகரம் போலீஸ் முகாமாக மாறியது. 2016 பிப்ரவரி 12-க்குப் போட்ட அட்டவணையைப் பாருங்கள்: உதயம் முதல் நண்பகல்வரை பூஜை, 1 முதல் 3 வரை தொழுகை, மூன்றரைக்குப் பிறகு மீண்டும் பூஜை. ஒரு கூட்டம் வெளியேறி அடுத்த கூட்டம் நுழைய ஒரு மணி நேரம், திரும்பி வர அரை மணி நேரம். ரயில்வே கால அட்டவணை போடுகிறவர்கூட இதைவிடத் தாராளமாக இடைவெளி விடுவார்.

கட்டடம் எப்படி இருக்கும்? நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, மேற்கே தொழுகை மண்டபம், அதில் மிஹ்ராப் என்னும் தொழுகைத் திசை மாடமும் மிம்பர் என்னும் பிரசங்க மேடையும். தூண்களோ கோயில் தூண்கள், பழைய இடிபாடுகளிலிருந்து எடுத்து நிறுத்தியவை. பக்கத்தில் சிஷ்தி மரபு சூஃபி கமாலுத்தீனின் கல்லறை. அதனால் கமால் மௌலா மசூதி என்று பெயர். முஸ்லிம் தரப்பு, இது மசூதி என்று 1935-இல் தார் சமஸ்தானம் பிறப்பித்த அறிவிப்பைக் காட்டுகிறது. இந்துத் தரப்பு தூண்களைக் காட்டுகிறது.

எனக்கு இரண்டையும்விட முக்கியமாகப் படுவது அங்கே கிடைத்த ஒரு கல். 1903-இல் தார் சமஸ்தானத்தின் கல்வி அதிகாரி கே.கே. லேலே கண்டெடுத்தது. அதில் செதுக்கியிருப்பது கொடைக் கணக்கோ மெய்க்கீர்த்தியோ இல்லை, ஒரு நாடகம்! பெயர் 'பாரிஜாத மஞ்சரி'. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பரமார அரசன் அர்ஜுனவர்மனின் ராஜகுரு மதனர் எழுதியது. குஜராத் மன்னனை வென்ற களத்தில் வானிலிருந்து விழுந்த பூங்கொத்து அர்ஜுனவர்மன் மார்பில் பட்டதும் பெண்ணாக மாறுகிறது, அவளோடு காதல், பட்டத்தரசியின் ஊடல் என்று போகிறது கதை. நான்கு அங்க நாடகத்தில் இரண்டு அங்கங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. முன்னுரைப் பகுதியில் சூத்திரதாரர் சொல்கிறார்: வசந்த விழாவை முன்னிட்டு, தாரா நகரத்து சரஸ்வதி கோயிலில் இது நடிக்கப்படுகிறது என்று. ஆக, தார் நகரில் வசந்த விழாவுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அந்த விழாவில் நாடகம் இருந்தது, ஊடல் இருந்தது, சிரிப்பும் இருந்திருக்கும்.

இந்தக் கல்லைப் படித்துப் பதிப்பித்தவர் ஹுல்ட்ஷ். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்து, அதைக் கட்டியவன் ராஜராஜன் என்று நமக்குச் சொன்ன அதே ஜெர்மானியர். 

ஊரில் இந்த நாடகத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. பேச்சு முழுக்க லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சிலையைப் பற்றித்தான். 1875-இல் தாரில் கிடைத்த பளிங்குச் சிலை; போஜசாலைக்குப் பெயர் தந்த பரமார அரசன் போஜன் வழிபட்ட வாக்தேவி, அதாவது சரஸ்வதி, அதுதான், திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அதன் பீடத்தில் 1034-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வாக்தேவியைச் செய்தளித்த பிறகு வரருசி என்பவர் இந்த அம்பிகையைச் செய்வித்தார் என்கிறது அது. அம்பிகை சமணர்களின் காவல் தெய்வமான யட்சி. காலடியில் அவளுடைய வாகனமான சிங்கமும் இருக்கிறது. அப்படியானால் லண்டனில் இருப்பது வாக்தேவி அல்ல. ஒரு சமணச் சிலையை நடுவில் வைத்து இரண்டு தரப்பு மோதுகிறது என்பதைச் சொன்னால் இரு பக்கமும் முகம் சுளிக்கிறார்கள். சிலை திரும்பி வரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சரியான பெயரோடு வரட்டும்.

வழக்கு? வழிபாட்டுத் தலங்களின் தன்மையை மாற்றத் தடை போடும் 1991-ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டம், 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் கீழ் வருபவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. இந்தக் கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது என்பதால் வழக்குக்கான கதவு திறந்தே இருக்கிறது. 2024 மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையின் ஆய்வுக்கு உத்தரவிட்டது. கட்டடத்தின் தன்மை மாறும்படி தோண்டக் கூடாது, தன் அனுமதி இல்லாமல் அறிக்கையை வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஜூலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அறிக்கை தாக்கலானது.

எந்தத் தூண் எந்த நூற்றாண்டு என்று அந்தப் பக்கங்கள் சொல்லலாம். பஞ்சமி வெள்ளிக்கிழமையில் வந்தால் பகல் 1 மணிக்கு யாரை உள்ளே விடுவது என்பதை மாவட்ட கலெக்டர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

(தொடரும்)