மார்கழிக் குளிரில் வேர்த்த நெற்றி

கூடலூர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் கிராம செவிலியராக இருந்தேன். ஒரு மார்கழிக் காலையில் ஒன்றரை மாதக் குழந்தை ஒன்றை எடை பார்க்கப் போயிருந்தேன். குமுளி மலையிலிருந்து இறங்கிய காற்றுக்கு வீட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் குடிக்கும் பிள்ளைக்கு மட்டும் நெற்றி முத்து முத்தாக வேர்த்திருந்தது. நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும்.

"சூட்டு உடம்பு நர்சம்மா, அவங்க தாத்தா மாதிரி" என்றார் அப்பத்தா.

"இந்தக் குளிர்ல யாருக்கு வேர்க்கும் அப்பத்தா?" என்றேன். பிறந்த எடையிலிருந்து அரைக் கிலோகூட ஏறவில்லை.

மதுரையில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். சிறிய ஓட்டை பெரும்பாலும் தானே அடைந்துவிடும். பெரியதாக இருந்தால், பிறந்த சில வாரங்களில் நுரையீரலின் அழுத்தம் குறையக் குறைய, ரத்தம் ஓட்டை வழியே அங்கே பாய்ந்து தேங்கும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மலையேற்றம். அதில் களைத்துத்தான் அந்தப் பிள்ளைக்கு வேர்த்தது.

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 8, 9 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு வயதுக்குள்ளேயே சிகிச்சை வேண்டும். என் நிலையத்துக்கு 5,000 பேர். வருஷத்துக்கு 70 பிரசவம் போல. அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு ஒரு குழந்தையாவது என் கைக்கு வந்திருக்க வேண்டும். பதிவேட்டைப் புரட்டினால் அத்தனை பேர் இல்லை. சளி என்றும் மாந்தம் என்றும் சொல்லி நாங்கள் பறிகொடுத்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பழி மட்டும் தாய்மேல் விழும். கிரகணத்தில் வெளியே வந்தாளாம், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போனாளாம். இரண்டும் காரணமல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா, கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டும். தாய்மாமனைக் கட்டுவது போன்ற நெருங்கிய உறவுத் திருமணமும் கூட்டும். இதை நம் பக்கம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

சில குறைகள் இன்னும் அவசரமானவை. கருவில் திறந்திருக்கும் ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாளில் மூடிக்கொள்ளும். அதை நம்பியே உயிர்வாழும் குழந்தை, வீட்டுக்குப் போனபின் நீலம் பாரிக்கும். கொரோனாவில் நாம் விரலில் மாட்டிய அதே பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே உதவும். பிறந்து 24 மணி நேரம் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் உடனே எக்கோ. எல்லாக் குறையும் இதில் சிக்காது. எங்கள் மார்கழிக் குழந்தை இதில் தேறியிருக்கும். அதனால் வீட்டுக்குப் போனபின்னும் கண் வேண்டும்.

2013-இல் ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வந்தபின் மருத்துவக் குழுவே வேனில் அங்கன்வாடிக்கு வருகிறது. அந்தப் பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டார் செலவழித்தது பஸ் காசும் சாப்பாடும்தான்.

போன மாதம் அப்பத்தா போன் செய்தார். எதிர்வீட்டில் புதுக் குழந்தையாம், நெற்றி ஈரமாக இருந்ததாம்.

"போர்வைச் சூடாத்தான் இருக்கும் நர்சம்மா. எதுக்கும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."