வாங்கியவை யாருக்குச் சொந்தம்?

கடந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. அப்பா, கடன் பற்று அட்டையின் மாதக் கணக்கறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி அவருக்கு இடித்தது. 39 வெள்ளி 90 சென். எதற்காக என்று புரியாத ஒரு நிறுவனப் பெயர், பக்கத்தில் சில எண்கள்.

காலை நிகழ்ச்சிக்காக நான் விடியற்காலை நான்கரைக்கே கிளம்பிவிடுவேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா யாரையும் தொந்தரவு செய்யாமல் நேரே வங்கியை அழைத்து, "இதை நான் வாங்கல" என்று சொல்லிவிட்டார். வங்கியும் புகாரைப் பதிவு செய்துகொண்டு பணத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தது. அப்பா மேல் குற்றம் சொல்ல முடியாது. 'அட்டைக் கணக்கை மாதாமாதம் பாருங்கள், சந்தேகம் வந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்' என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பவள் நான்தான்.

ஒன்பது நாள் கழித்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. கட்டண விதிமுறைகளை மீறியதால் என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டதாம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அப்பாவின் அட்டையைக் கொடுத்துத் திறந்த கணக்கு அது. அந்த 39 வெள்ளி 90 சென், தம்பி தன் விளையாட்டுக்காக வாங்கிய ஏதோ ஒரு கூடுதல் பகுதிக்கான கட்டணம். அவன் சொல்ல மறந்திருந்தான்.

ஒரு வரிக் கட்டணத்துக்காக, பதினோரு ஆண்டுகளில் வாங்கிய அத்தனையும் போயின. அறுபதுக்கும் மேற்பட்ட மின்னூல்கள். அப்பாவுக்காக வாங்கிய பதினான்கு பழைய படங்கள். தம்பியின் விளையாட்டுகள். எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது, அந்த மின்னூல்களில் நிகழ்ச்சிக்காக நான் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகள்.

"அந்தத் தொகையை இப்போதே கட்டிவிடுகிறேன்" என்று எழுதினேன். தானியங்கிப் பதில் வந்தது. நான்கு முறை முறையீடு செய்தேன். பேசுவதற்குத் தொலைபேசி எண் கிடையாது. ஐந்தாவது பதிலில், முடிவு இறுதியானது என்றார்கள்.

பொத்தானில் ஒன்று, ஒப்பந்தத்தில் வேறொன்று

இதை நிகழ்ச்சியில் சொன்னபோது குரல்பதிவுகள் குவிந்தன. பல நேயர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காசு கொடுத்து வாங்கியதை எப்படிப் பிடுங்க முடியும்?"

முடியும். பொத்தானில் 'வாங்கு' என்று இருக்கிறது. ஆனால் நாம் படிக்காமல் 'சம்மதம்' சொன்ன ஒப்பந்தத்தில், பொதுவாக நமக்குத் தரப்படுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. ஒலிநாடா வாங்கிய காலத்தில் அதை அண்டை வீட்டுக்கு இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். உரிமத்தை அப்படிச் செய்ய முடியாது.

தொழில்நுட்பமும் இதற்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது. விற்கப்படும் பெரும்பாலான மின்னூல்களும் படங்களும் பூட்டிய கோப்புகள். பூட்டைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நம் கணக்குதான் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கித் தருகிறது. கோப்பு நம் கைப்பேசியிலேயே கிடந்தாலும் கணக்கு போனால் சாவி வராது.

எத்தனை வழிகளில் போகும்?

படித்துப் பார்த்ததில், நான்கு வழிகள் தென்பட்டன.

முதலாவது, விற்ற பொருளையே திரும்ப எடுப்பது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களை அழித்தது. பதிப்புரிமை இல்லாத ஒருவர் அவற்றை அங்கே விற்றிருந்தார் என்பது காரணம். அழிக்கப்பட்டவற்றில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலும் ஒன்று. பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர், பாடத்துக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் போனபின், எந்தப் பத்திக்கு எந்தக் குறிப்பு என்றே தெரியாமல் போனது. அவர் வழக்குத் தொடர்ந்தார், அது சமரசத்தில் முடிந்தது. அந்த மாணவரின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

இரண்டாவது, கடையையே மூடுவது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-இல் மூடியது. ஜூலை மாதத்தோடு, வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. விலையை முழுமையாகத் திருப்பித் தந்ததோடு, நூல்களில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 அமெரிக்க டாலரும் தந்தார்கள். குறிப்புகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒரு நிறுவனமே ஒப்புக்கொண்டது! 2024 மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சேவைக் கணினிகளை நிறுத்தியது. தனியாக ஆடக்கூடிய பகுதிகளுக்கும் அந்தக் கணினிகளின் தொடர்பு தேவைப்பட்டதால், வட்டாக வாங்கியவர்களாலும் அதன்பிறகு ஆட முடியவில்லை. நிறுத்தப்படும் விளையாட்டுகளை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று கோரும் மக்கள் இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது.

மூன்றாவது, கணக்கு முறையை மாற்றுவது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மைன்கிராஃப்ட் தெரியாமல் இருக்காது. அதைத் தொடக்கத்தில் வாங்கியவர்கள் மோஜாங் கணக்கில் வாங்கினார்கள். பிறகு எல்லோரும் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற வேண்டும் என்றார்கள். மாறுவதற்கான கெடு 2023 செப்டம்பர் 19-இல் முடிந்தது. அறிவிப்புகள் நெடுநாள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் பள்ளிப் பருவத்தில் வாங்கிவிட்டு, அந்தப் பழைய மின்னஞ்சலையே மறந்துபோனவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள்?

நான்காவது, தனிமனிதர் ஒருவரை வெளியேற்றுவது. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்னஞ்சிறு மகனுக்கு ஏற்பட்ட நோய்த்தொற்றை மருத்துவருக்குக் காட்டப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கி முறை அதைச் சிறார் வன்கொடுமைப் படமாகக் கருதியது. மின்னஞ்சல், புகைப்படங்கள், கைப்பேசி எண் என எல்லாமே பறிபோயின. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று காவல்துறை விசாரித்துச் சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. என் இழப்பை அதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் கதவு ஒன்றுதான்: ஒரு கணக்கு, ஒரு தீர்ப்பு, பேசுவதற்கு ஆளில்லை.

நியாயம் எந்தப் பக்கம்?

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. திருட்டு அட்டைகளில் வாங்குவோர் உண்டு. பொருளை அனுபவித்துவிட்டு 'நான் வாங்கவில்லை' என்று வங்கியிடம் பொய் சொல்வோரும் உண்டு. அவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் தண்டனைக்கு ஓர் அளவு வேண்டாமா? மளிகைக் கடைக்காரருக்கு என்மேல் கோபமென்றால், "இனி என் கடைக்கு வராதே" என்று சொல்லலாம். போன மாதம் காசு கொடுத்து வாங்கிய அரிசியை வீடு புகுந்து அள்ளிச் செல்ல முடியாது. புதிதாக வாங்க விடாமல் கணக்கை முடக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. பின்னாளில் திரும்ப எடுக்கக்கூடிய மின்பொருளை விற்கும்போது 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பறிப்பதை அது தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு விற்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. நானும் யோசித்தேன். ஆனால் நான் சம்மதித்த ஒப்பந்தம், வழக்கென்றால் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு வா என்கிறது. அதைப் படித்ததும் சோர்ந்துவிட்டேன்.

இப்போதே செய்யக்கூடியவை

அட்டைக் கணக்கில் புரியாத கட்டணம் வந்தால், முதலில் வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். கணக்கின் 'வாங்கியவை' பட்டியலைப் பாருங்கள். வீட்டார் தவறுதலாக வாங்கியிருந்தால் நிறுவனத்திடமே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். யாருமே வாங்கவில்லை, அட்டை விவரம் திருட்டுப்போயிருக்கிறது என்றால் தயங்காமல் வங்கியை அழையுங்கள்.

பிள்ளைகளின் விளையாட்டுகளைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். மின்னஞ்சல், புகைப்படம், கடை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டி வைக்காதீர்கள்.

பழைய கணக்குகளின் மீட்பு மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் புதுப்பியுங்கள். படித்த கல்லூரி தந்த மின்னஞ்சலை நம்பியிருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருக்கிறது.

புகைப்படங்களையும் குறிப்புகளையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து வையுங்கள். கூகுளில் 'டேக்அவுட்' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. பூட்டில்லாத கோப்பாக விற்கும் இடங்களும் உண்டு. விளையாட்டுக்கு 'ஜி.ஓ.ஜி', பாடலுக்கு 'பேண்ட்கேம்ப்'. அங்கே வாங்கியதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், கடை போனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும்.

அப்பாவின் கேள்வி

கணக்கு மூடிய செய்தி தெரிந்ததிலிருந்து அப்பா சரியாகப் பேசவில்லை. ஞாயிறு மதியம் படம் போடச் சொல்லிக் கேட்பவர், கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது என் மேசையில் ஓர் உறை இருந்தது. உள்ளே ஐந்நூறு வெள்ளி.

"எவ்வளவும்மா போச்சு? மொத்தமா இல்லாட்டியும் கொஞ்சம் கொஞ்சமா தந்திடறேன்."

உறையை அவர் கையிலேயே திணித்துவிட்டு, "தப்பு உங்க மேல இல்லப்பா" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர் கைப்பேசியோடு இருவரும் உட்கார்ந்தோம். எந்தக் கணக்கு எதற்கு, எந்த மின்னஞ்சல் எதோடு சேர்ந்தது என்று ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதினோம். அம்மாவின் படங்களை எல்லாம் வன்தட்டுக்கு மாற்றினோம். அப்போதுதான் கேட்டார்.

"எனக்கப்புறம் இதெல்லாம் உங்களுக்கு வருமா?"

அவருடையது ஆப்பிள் கைப்பேசி. நமக்குப் பின் நம் தகவல்களைத் திறக்க ஒருவரை நியமிக்கும் வசதி அதில் இருக்கிறது. படங்கள், குறிப்புகள், கோப்புகள் அவருக்குப் போய்ச் சேரும். காசு கொடுத்து வாங்கிய பாடல்களும் படங்களும் நூல்களும் சேராது. அதைச் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மா படம் வருதில்ல, அது போதும்" என்று சொல்லி, நியமனத்தில் என் பெயரைப் போடச் சொன்னார். தம்பியின் பெயரையும் சேர்த்தே போட்டோம்.