புழுக்களை இழக்காமல் உரம் எடுப்போம்

வீட்டில் மண்புழுத் தொட்டி வைத்த சகோதரிகள் பலர், உரம் எடுக்கும் நாளில்தான் தயங்கி நிற்கின்றனர். அவசரத்தில் புழுக்களையும் சேர்த்து அள்ளிவிட்டால், இரண்டு மாத உழைப்பு வீணாகிவிடும் அல்லவா?

தென்சென்னை இல்லங்களின் குப்பை பல்லாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிய பெருங்குடியில் மலையாகக் குவிந்ததை நாம் அறிவோம். அங்கே சென்ற காய்கறித் தோலை மண்புழுவிடம் ஒப்படைத்தால், அதுவே நம் ரோஜாவுக்கும் மருதாணிக்கும் உணவாகும். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அடுக்குமாடியில் வசிப்போருக்கும் நிழலான ஒரு மூலை போதும்.

சென்னையில் இவ்வறிவைப் பரப்பியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில். 1951இல் தொடங்கப்பெற்ற இராயப்பேட்டை புதுக்கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். வெளிநாட்டுப் புழுக்களை நாடாமல், நம் மண்ணிலேயே வாழும் இனங்களைக் கொண்டு உரம் தயாரிக்கலாம் என்று காட்டியவர். 'பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்' என்னும் புழு மேற்பரப்பிலுள்ள மக்கிய பொருளை உண்கிறது. 'லாம்பிட்டோ மௌரிட்டி' மண்ணைத் துளைத்து மேலும் கீழும் உலவுகிறது. இவ்விரண்டும் நம் நாட்டில் வாழ்பவையே.

உரம் முதிர்ந்ததை எவ்வாறு அறிவது? தேயிலைத் தூளைப் போல் கறுத்து, குருணை குருணையாக உதிரும். மழை பெய்த மண்ணின் மணம் வீசும். துர்நாற்றம் இருப்பின் இன்னும் பக்குவமாகவில்லை என்று பொருள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் இந்நிலை வரும்.

எடுப்பதற்கு மூன்று, நான்கு நாட்களுக்கு முன்பே நீர் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். மேற்பகுதி உலர உலர, புழுக்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். பின்னர் ஒரு சாக்கை விரித்து, வெளிச்சமுள்ள இடத்தில் உரத்தைக் கூம்பாகக் குவியுங்கள். கடும் வெயில் கூடாது, புழுக்கள் மடிந்துவிடும். வெளிச்சத்தை வெறுக்கும் அவை குவியலின் அடிக்குச் செல்லும். சற்று நேரம் பொறுத்து, மேலிருந்து கையால் மெல்ல வழித்தெடுங்கள். மீண்டும் பொறுங்கள், மீண்டும் எடுங்கள். இறுதியில் அடியில் எஞ்சும் புழுக்களைப் புதிய படுக்கையில் விட்டுவிடலாம்.

எடுத்த உரத்தைச் சலிக்கும்போது, கடுகு போன்ற சிறு உருண்டைகள் தென்படலாம். அவை முட்டைக்கூடுகள், அவற்றையும் தொட்டியிலேயே சேர்த்துவிடுங்கள். உரத்தை நிழலில் ஆறவைத்து, சிறிது ஈரம் இருக்கும்போதே காற்றுப்புகும் சாக்கில் வையுங்கள். தொட்டி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி போதுமானது.

ஓர் எச்சரிக்கை: பிரியாணி மீந்தாலும் இறைச்சி, எலும்பு, மீன், எண்ணெய்ப் பண்டம், உப்பிட்ட உணவு ஆகியவற்றைத் தொட்டியில் இடாதீர்கள். அவை அழுகி நாறும், எலிகளை அழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்குள் நீர் தேங்காமலும் காத்துக்கொள்ளுங்கள்.

குப்பைக்கூடைக்குச் செல்லவிருந்த தோல் நம் வீட்டுச் செடியில் பூவாக மலர்வதைக் குழந்தைகளும் காணட்டும். வீண்விரயம் தவிர்க்கும் பாடத்தை அவர்களுக்கு இதைவிட எளிதாகக் கற்பிக்க இயலுமா?