உங்களுக்குத் தெரியுமா? குடியை விட்டவருக்கு ஒரு வேலை இருக்கிறது

● 1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965இல். அதனால் அன்றைய மதுவிலக்கு இன்றைய தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்துக்கும் சேர்த்துத்தான். சட்டம் கடையை மூடிவிடும். மறுநாள் காலை கை நடுங்க எழுந்திருப்பவர் பக்கத்தில் யார் உட்காருவது?

● அமெரிக்காவின் அக்ரான் நகரில் 1935 மே மாதம் அதற்கு ஒரு விடை கிடைத்தது. பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் முறிந்துவிட்டது. ஓட்டல் கூடத்தில் நிற்கிறார், மதுக்கூடம் கூப்பிடுகிறது. அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களுக்குப் பேசினார். தன்னைப்போல் குடியில் சிக்கிய ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் போதும் என்று வந்தவர், பல மணி நேரம் பேசினார். பாப் குடியை விட்ட ஜூன் 10, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்த நாளானது.

● அதற்கு முன் பில் தேடிப்போய்ப் பேசிய ஒருவர்கூடக் குடியை விடவில்லை. பேசப் போன அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார்! அதைக் கவனித்துச் சொன்னவர் மனைவி லோயிஸ். இந்தக் கதையில் என் மனம் நிற்கும் இடம் இதுதான். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கியவர்களில் லோயிஸும் ஒருவர்.

● டாக்டர் பாப் 1950இல் இறப்பதற்குள் 5,000 பேருக்கு மேல் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார்.

● 1,726 குடிநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில், பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் குடியைத் தொடவில்லை. உதவாதவர்களில் 22 சதவீதம்தான்.

● கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கியதுதான் குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனை. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் 1989 முதல் ஊராரின் துணையோடு கிராம முகாம்களையும் அது நடத்தியது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

● பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து. குடியை விடுவதாக வேண்டிக் கோயிலில் கயிறு கட்டுங்கள், கூடவே அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

● உதவப் போகிறவர் தனியாகப் போக வேண்டாம். குடியை விட்ட இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு இருவராகப் போவதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பழைய வழக்கம்.

● பெங்களூருக் கட்டட வேலையிலிருந்து ஆடிப்பெருக்குக்குப் பென்னாகரம் திரும்பும் தம்பி, குடியை விட்டு மூணு மாசமாச்சு என்று சொன்னால், இன்னிக்கு ஒரு நாள்தானே என்று கிளாஸை நீட்டாதீர்கள். நேற்று விட்ட ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். அவரிடம் இவரை அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.