வட்டத்துல பாதி வங்கக்கடல்: முட்டுக்காடு விடுதிக்காரர் ஆன்லைன் பேனர் கொடுத்தால் காசு எங்கே போகும்?

சனிக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் கார்கள் எல்லாம் தெற்கு நோக்கி ஓடும். ஞாயிறு மாலையில் அத்தனையும் வடக்கு நோக்கித் திரும்பும். முட்டுக்காட்டில் சின்னதாக ஒரு விடுதி நடத்துபவர் சாலையோரம் பலகை வைப்பதாக இருந்தால், அது சென்னையிலிருந்து வருபவர் கண்ணில் படுகிற மாதிரி வடக்கு பார்த்து நிற்க வேண்டும். தெற்கு பார்த்து நின்றால்? ‘நாளைக்கு ஆபீஸ் இருக்கே’ என்ற கவலையோடு வீட்டுக்குத் திரும்புகிறவர்தான் அதைப் பார்ப்பார். பலகை அதே, அச்சுக் கூலி அதே. பலன் மட்டும் வேற.

இணையத்திலும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், சாலையில் பலகை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நாமே போய்ப் பார்த்துவிடலாம். ஆன்லைனில் அது கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் ‘இம்ப்ரெஷன் ஒரு லட்சம், சி.டி.ஆர். 0.2’ என்று ஒரு அறிக்கை வரும். பார்த்தால் பெரிய எண்ணாக இருக்கும். ஆனால் அறை நிரம்பியிருக்காது.

முட்டுக்காடு படகு குழாம், தட்சிணசித்ரா, நீலக்கொடி சான்று பெற்ற கோவளம் கடற்கரை, மாமல்லபுரம் என்று வார இறுதிக் கூட்டத்தை நம்பியே பிழைக்கும் பகுதி இது. சின்ன விடுதிகள், உணவகங்கள், அலைச்சறுக்குப் பயிற்சி தருபவர்கள் எனப் பலரும் இப்போது போனிலேயே விளம்பரம் கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், பணம் எங்கே நழுவுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேனர் எப்போ வந்தது?

1994 அக்டோபரில் அமெரிக்காவின் ‘ஹாட்வயர்ட்’ இணையதளத்தில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. அகலம் 468 பிக்சல், உயரம் 60 பிக்சல். இணைய பேனர்களின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அதைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு ஆயிரம் முறை காட்டினால் ஒன்றிரண்டு கிளிக் வருவதே பெரிய விஷயம்.

காரணம் எளிது. நம் கண் பழகிவிட்டது. பக்கத்தின் மேலேயும் ஓரத்திலேயும் பளபளவென்று எது இருந்தாலும் அது விளம்பரம் என்று மூளை ஒதுக்கிவிடுகிறது. இதற்கு ‘பேனர் பிளைண்ட்னஸ்’ என்று 1998-லேயே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அதனால்தான் ‘எங்கே வைக்கிறோம்’ என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

எந்த இடம், எந்த அளவு?

விளம்பரம் வரும் இடத்துக்கு ‘பிளேஸ்மென்ட்’ என்று பெயர். அடிக்கடி காதில் விழும் அளவுகள் இவை:

லீடர்போர்டு: 728-க்கு 90. கணினித் திரையில் பக்கத்தின் உச்சியில் நீளமாக வருவது.

மீடியம் ரெக்டாங்கிள்: 300-க்கு 250. செய்தியின் நடுவிலோ பக்கவாட்டிலோ வரும் பெட்டி. கணினி, போன் இரண்டிலும் பொருந்தும்.

ஸ்கைஸ்க்ரேப்பர்: 160-க்கு 600. ஓரத்தில் செங்குத்தாக நிற்பது. போன் திரையில் இதற்கு இடமே இல்லை.

மொபைல் பேனர்: 320-க்கு 50. போன் திரையில் மேலேயோ கீழேயோ வரும் பட்டை. நாம் நகர்த்த நகர்த்தக் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால் அது ‘ஆங்கர்’ அல்லது ‘ஸ்டிக்கி’.

இன்டர்ஸ்டீஷியல்: முழுத்திரையையும் மூடிவிட்டு, மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறியோடு வருவது.

பக்கம் திறந்ததும் நகர்த்தாமலேயே தெரியும் பகுதியை ‘அபவ் த ஃபோல்டு’ என்பார்கள். மடித்து வைத்த செய்தித்தாளின் மேல்பாதி கடையில் தொங்கும்போது தெரியும் அல்லவா, அங்கிருந்து வந்த சொல். அதற்காக உச்சியில் இருப்பதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பக்கம் திறந்த வேகத்தில் வாசகர் கீழே இறங்கிவிடுவார். செய்தியின் இரண்டாவது, மூன்றாவது பத்திக்கு நடுவில் இருக்கும் பெட்டி, சில சமயம் உச்சியில் இருப்பதைவிட அதிக நேரம் கண்ணில் படும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது கற்பனைக் கணக்குதான். ஒரு விடுதிக்காரர் 10,000 ரூபாய் ஒதுக்குகிறார் என்று வெச்சுக்கோங்க.

சி.பி.எம். என்பது ஆயிரம் முறை காட்டுவதற்கான விலை. அது 100 ரூபாய் என்றால், 10,000 ரூபாய்க்கு ஒரு லட்சம் இம்ப்ரெஷன். இம்ப்ரெஷன் என்றால் விளம்பரம் ஒரு முறை காட்டப்பட்டது என்றுதான் அர்த்தம். ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று அர்த்தமே கிடையாது. ஒரே ஆளுக்குப் பத்து முறை காட்டியிருந்தால் பார்த்தவர் 10,000 பேர்தான். எத்தனை பேர் என்பது ‘ரீச்’. ஒருவருக்கு எத்தனை முறை என்பது ‘ஃப்ரீக்வன்சி’. அதற்கு ஒரு வரம்பு வைப்பது ‘ஃப்ரீக்வன்சி கேப்’.

அடுத்து ‘வியூவபிலிட்டி’. பேனரின் பாதிப் பரப்பாவது, தொடர்ந்து ஒரு விநாடியாவது திரையில் தெரிந்தால்தான் ‘பார்க்கக்கூடியதாக இருந்தது’ என்று கணக்கு. விளம்பரத் துறை ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது. வாசகர் இறங்கியே வராத பக்கத்தின் அடியில் இருந்தாலும் சில நேரம் இம்ப்ரெஷன் எண்ணப்பட்டுவிடும். நம் கணக்கில் பாதிதான் தேறுகிறது என்றால், ஒரு லட்சம் 50,000 ஆகிறது.

சி.டி.ஆர். என்பது நூறு முறை காட்டினால் எத்தனை கிளிக் என்ற விகிதம். 0.2 சதவீதம் என்றால் மொத்தம் 200 கிளிக். ஒரு கிளிக்குக்கு ஆன செலவு, அதாவது சி.பி.சி., 50 ரூபாய். இதில் கை தவறிப் பட்டதும் உண்டு. கடைசியில் நான்கு பேர் அறை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு முன்பதிவுக்கு 2,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,950.

ஒரு நாள் வாடகை 3,000 ரூபாய் என்றால் கையில் நிற்பது 50 ரூபாய். அதில்தான் படுக்கை விரிப்பு சலவை, கரண்ட் பில், காலை டிபன் எல்லாம். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண் கடைசியில் இருக்கும் இந்த எண்தான். ‘ஒரு லட்சம் இம்ப்ரெஷன்’ அல்ல.

வட்டம் போடும்போது கவனம்

கூகுள், மெட்டா போன்ற தளங்களில் ‘இந்த இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர்’ என்று வட்டம் போட்டு விளம்பரம் காட்டலாம். ‘ஜியோ டார்கெட்டிங்’ என்பார்கள். பலரும் உடனே தங்கள் கடையை மையமாக வைத்து 10 கி.மீ. வட்டம் போட்டுவிடுவார்கள்.

முட்டுக்காட்டை மையமாக வைத்து அப்படி வட்டம் போட்டால், கிழக்குப் பக்கம் கிட்டத்தட்ட பாதி வங்கக்கடல். மேற்கே கழிமுகமும் பின்னே கேளம்பாக்கம், சிறுசேரியும் வரும். கடலில் யாரும் விளம்பரம் பார்க்கப் போவதில்லை, அதனால் அதற்கு நேரடியாகக் காசு போகாது. ஆனால் பெரிய வட்டம் என்று நினைத்தது உண்மையில் சின்ன அரைவட்டம். அதோடு, அங்கே இருப்பவர் பாதிப்பேர் உள்ளூர்க்காரர். அவருக்கு முட்டுக்காட்டில் ரூம் எதுக்கு?

அறை எடுப்பவர் வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ இருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘நாளைக்கு எங்கேயாவது போலாமா?’ என்று வீட்டில் பேச்சு எழும்போதுதான் முடிவு ஆகிறது. விடுதிக்கு வட்டம் சென்னைக்கு மேல் இருக்க வேண்டும், நேரம் வியாழன், வெள்ளி மாலையாக இருக்க வேண்டும். உணவகத்துக்கு நேர் எதிர். ஏற்கனவே ஈ.சி.ஆருக்கு வந்துவிட்டவர்தான் அவருக்கு வாடிக்கையாளர். அங்கே சின்ன வட்டம் சரி.

இன்னொரு சிக்கல், பெயர். ‘கோவளம்’ என்று மட்டும் கொடுத்தால் கேரளத்தின் கோவளமும் சேர்ந்து வரும். திருவனந்தபுரம் போகத் திட்டமிடும் டெல்லிக்காரருக்கு நம் விளம்பரம் காட்டப்படும். நம்மூர் கோவளத்துக்கு ‘கோவலாங்’ என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருக்கிறது. மாமல்லபுரத்தைப் பாதிப்பேர் ‘மகாபலிபுரம்’ என்றே தேடுகிறார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் சேர்க்க வேண்டும், கேரளத்தின் பெயர்களை விலக்க வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவைகளில் தமிழுக்கு 2018-லேயே ஆதரவு வந்துவிட்டது. தமிழ்ப் பக்கங்களில் தமிழிலேயே பேனர் கொடுக்கலாம்.

யார் பக்கத்தில் வருகிறது?

ஒரு பக்கம் திறக்கும் அந்தக் கணத்தில், அங்கே இருக்கும் காலி இடத்துக்கு ஏலம் நடக்கிறது. இடம் வைத்திருப்பவர் ‘பப்ளிஷர்’. எங்களைப் போன்ற செய்தித்தளங்களும் அதில் அடக்கம். விளம்பரதாரர் சார்பில் ஒரு மென்பொருள் விலை கேட்கிறது, பப்ளிஷர் சார்பில் ஒன்று விற்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தன் பேனர் எந்தத் தளத்தில் வந்தது என்பது விடுதிக்காரருக்குத் தானாகத் தெரியாது.

இதில்தான் ஓட்டை. விளம்பரம் காட்டவே உருவாக்கப்பட்ட வெற்றுத் தளங்கள் ஏராளம். அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணப்பட்ட இம்ப்ரெஷன்களில் 21 சதவீதமும், பணத்தில் 15 சதவீதமும் இப்படிப்பட்ட தளங்களுக்குப் போனது தெரியவந்தது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலைமை.

கை தவறிய கிளிக் இன்னொரு ஓட்டை. படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பேனர் முளைத்து, வரி கீழே நகர்ந்து, விரல் விளம்பரத்தில் படும். குழந்தைகள் விளையாடும் கேம் செயலிகளிலும் இது அதிகம். அந்தக் கிளிக்குக்கும் விடுதிக்காரர்தான் பணம் கட்டுகிறார். கணக்குக்குள் போனால் ‘எங்கெங்கே காட்டப்பட்டது’ என்ற பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பார்த்து, வேண்டாத தளங்களையும் கேம் செயலிகளையும் விலக்கலாம். வாரத்துக்குப் பத்து நிமிஷ வேலை, அவ்ளோதான்.

விதி என்ன சொல்கிறது?

சாலை பேனருக்கு நாம் கொடுத்த விலை தெரியும். 2019 செப்டம்பர் 12 அன்று பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் அனுமதியில்லாத பேனர் ஒன்று விழுந்ததில், ஸ்கூட்டரில் வந்த 23 வயது இளம் பொறியாளர் நிலைகுலைந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டது.

திரை பேனர் உயிரை எடுக்காது, பணத்தை எடுக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. செய்தி போலவோ வேறு உள்ளடக்கம் போலவோ வேடமிட்டு வரும் விளம்பரமும் அதில் ஒன்று. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

வாடிக்கையாளருக்கு இன்னொரு எச்சரிக்கை. கேதார்நாத் ஹெலிகாப்டர், விடுதி முன்பதிவு என்று போலி இணையதளங்களும் கட்டண விளம்பரங்களும் மக்களை ஏமாற்றுவதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. அதே வித்தை எந்தச் சுற்றுலா ஊரிலும் நடக்கலாம். ‘விளம்பரம்’ என்ற முத்திரையோடு மேலே வருவதாலேயே அது அசல் விடுதி ஆகிவிடாது. முன்பணம் அனுப்பும் முன் விடுதிக்கு நேரடியாகப் போன் போட்டுப் பேசிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930.

பேனர் வடிவமைப்பவர்களுக்கும் ஒன்று. பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. பார்வையற்ற பயனர்களின் போன், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். பேனர் வெறும் படமாக இருந்தால் ‘படம்’ என்று மட்டுமே சொல்லும். படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தால் அவரும் வாடிக்கையாளர் ஆவார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இடைத்தரகரோ ஏஜென்சியோ வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கும்? உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆளை மாற்றினாலும் தரவு உங்களிடமே இருக்கும்.

2. வியூவபிலிட்டி எவ்வளவு? ஒருவருக்கு எத்தனை முறை காட்டப்பட்டது?

3. எந்தெந்தத் தளம், செயலியில் வந்தது? முழுப் பட்டியல் தருவீர்களா?

4. ஏற்கனவே அறை எடுத்தவருக்கே திரும்பத் திரும்பக் காட்டாமல் விலக்கியிருக்கிறீர்களா?

5. ஜி.எஸ்.டி., உங்கள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு முன்பதிவுக்கு எவ்வளவு ஆனது?

கடைசிக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால் விடுதிக்காரர் தன் பக்கமும் ஒரு வேலை செய்ய வேண்டும். பேனரில் தனி போன் எண்ணோ, ஒரு சலுகைச் சொல்லோ வையுங்கள். அதைச் சொல்லி வருபவருக்கு ஒரு ஃபில்டர் காபி இலவசம் என்று போடுங்கள். மாதக் கடைசியில் எத்தனை காபி போனது என்று எண்ணினால், பேனரால் வந்தவர் எத்தனை பேர் என்று ஓரளவு தெரிந்துவிடும். முதல் மாதம் 2,000 ரூபாயோடு ஆரம்பித்து, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்கு முடிவு செய்யலாம்.