புகைக்கு ஒரு வழி விடுங்கள்

வீடு கட்டத் தொடங்கும்போது முன்மண்டபத்துக்கு எந்த நிறம், வாசலுக்கு எந்தக் கதவு என்று குடும்பமே கூடியிருந்து ஆலோசிக்கும். குசினியின் முறை வரும்போது கையிலிருந்த பணம் தீர்ந்து போயிருக்கும். 'கேஸ் இருக்கிறதுதானே' என்று புகைபோக்கி கட்டாமலே விட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். அவற்றுக்கெல்லாம் 2022ஆம் ஆண்டு நல்ல பாடம் புகட்டியது. வெற்றுச் சிலிண்டர்களோடு மக்கள் தெருத்தெருவாக வரிசையில் நின்ற அந்த மாதங்களில், பட்டணத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. கூடவே, போக வழியில்லாத புகையும் வீட்டுக்குள் வந்து குடியேறியது.

கேஸ் மீண்டும் கிடைத்த பின்னரும் விலையை எண்ணிப் பலர் விறகை முற்றாகக் கைவிடவில்லை. கிராமத்து வீடுகளிலோ விறகடுப்பு என்றுமே அணைந்ததில்லை. ஆகவே அதைச் சரியாக அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

புகை செய்யும் கேடு

அடுப்புப் புகை கண்ணை எரிக்கும், அவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. அதிலுள்ள நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன. நாட்பட்ட இருமல், மூச்சடைப்பு, இருதய நோய், சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியா என்பன இதனால் ஏற்படுகின்றன. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். சமைக்கும் தாயும், அவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையுமே இப்புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

எந்த அடுப்பு நல்லது?

மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி நாலாபுறமும் சிதறிப் போகிறது. இதைக் குறைக்க 1980களில் நம் நாட்டில் உருவாக்கப்பட்டதே 'அனகி' எனும் மண் அடுப்பு. முன்வாயில் இடும் விறகின் தீ முதற் சட்டியைச் சூடாக்கி, உள்வழியாகச் சென்று இரண்டாவது சட்டியையும் சூடாக்கும். ஒரே விறகில் சோறும் வேகும், ஆணமும் கொதிக்கும்.

அதை வாங்கி வந்து அப்படியே பாவித்தால் விரைவில் வெடித்துவிடும். புற்றுமண்ணோடு மணலும் உமியும் கலந்து குழைத்து, சுற்றிவர இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பூச வேண்டும். பூசும்போதே உங்கள் சட்டிகளை மேலே வைத்து இடைவெளியில்லாமல் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதல் முறை சிறு தீயே மூட்டுங்கள்.

இவ்வடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் இதற்குப் புகைபோக்கி கிடையாது. எனவே அடுப்புக்கு மேலே கூண்டு வைத்து புகையை வெளியேற்ற வேண்டும். அல்லது புகைபோக்கியுள்ள செங்கல் அடுப்பைக் கட்ட வேண்டும்.

புகைபோக்கி கட்டும்போது

சூடான காற்று மேலெழும் வேகமே புகையை இழுத்துச் செல்கிறது. ஆகவே புகைபோக்கி நேராகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்த்துங்கள். 10 அடி தூரத்துக்குள் கூரை முகடோ சுவரோ இருந்தால், அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திரும்பவும் குசினிக்குள் தள்ளிவிடும். மழைநீர் புகாமல் மேலே ஒரு மூடி அவசியம்.

தகட்டுக் குழாய் பொருத்துவோர் கூரை மரத்துக்கும் குழாய்க்குமிடையே 18 அங்குல இடைவெளி விடுமாறு மேசனிடம் சொல்லுங்கள். பீ.வீ.சீ. குழாய் இதற்கு அறவே கூடாது. அஸ்பெஸ்டஸ் கூரையை வாளால் அறுத்தால் அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. அந்த ஒரு தகட்டைக் கவனமாகக் கழற்றி, அவ்விடத்தில் நாகத்தகடு போடுவது நல்லது.

புகை வெளியேறினால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அடுப்பெரியும்போது யன்னலைத் திறந்தே வையுங்கள். ஒரு சட்டி மட்டும் வைக்கும்போது மற்ற வாயை மூடிவிடுங்கள்.

விறகும் பராமரிப்பும்

பச்சை விறகின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தீயின் வலிமையெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது, மிஞ்சுவது புகைதான். ரப்பர் விறகோ கிளிசிரிடியாவோ, பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பல மாதங்கள் காய விடுங்கள். முனைகளில் வெடிப்பு விழுந்து, ஒன்றோடொன்று தட்டும்போது கணீரென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது. பொலித்தீன் பைகளையும் வர்ணம் பூசிய பலகையையும் எரிக்காதீர்கள். அவற்றின் புகை நஞ்சு. தீ மூட்டத் தென்னம்பாளையும் சிரட்டையும் போதும்.

புகைபோக்கிக்குள் படியும் கரி, கால் அங்குலம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. மாதமொரு முறை பாருங்கள். அடுப்பு நன்றாக ஆறிய பின், கயிற்றில் கட்டிய தூரிகையை மேலிருந்து இறக்கித் துப்புரவு செய்யலாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் சஹருக்கும் இஃப்தாருக்குமாக அடுப்பு இருவேளையும் ஓயாது எரியும். அதற்கு முன்னரே இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது.

சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள தகர வாளியில் இட்டு வெளியே வையுங்கள். ஆறிய சாம்பல் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல பசளை.

தணலில் மறைந்திருக்கும் ஆபத்து

புகையில்லாத தணலும் காபனோரொட்சைட்டு என்ற வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்காக மூடிய அறைக்குள் கரித்தணல் வைத்து உறங்கியோர் விழிக்காமலே போன சம்பவங்கள் நம் மலைநாட்டிலும் நடந்துள்ளன. பிள்ளை பெற்ற தாய்க்கும் சிசுவுக்கும் சாம்பிராணி காட்டும் வீடுகளில், கதவு யன்னலைச் சாத்திவிட்டுத் தணற்சட்டியை அறையில் விட்டுவைக்காதீர்கள். தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

வீட்டில் அடுத்த முறை மேசன் வேலை நடக்கும்போது, முதற் செலவைக் குசினிப் புகைபோக்கிக்கு ஒதுக்குமாறு சகோதரிகளே, நீங்கள் தயங்காமல் கேளுங்கள். அக்குசினியில் சமைத்ததையே வீட்டிலுள்ள அனைவரும் உண்கிறார்கள். அதன் புகையை ஒருத்தி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?